கரி அடுப்பா, பெல்லெட் ஸ்மோக்கரா? மதுரையில் வாங்குகிறவர்களுக்கு

முட்டை வடிவச் செராமிக் கரி அடுப்பை வாங்கலாமா, மரத்தூள் உருளைகளை எரித்துப் புகையில் கறி வேகவைக்கிற, மின்சாரத்தில் ஓடும் பெல்லெட் ஸ்மோக்கரை வாங்கலாமா என்ற கேள்வி இப்போது மதுரைக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கேட்கிறார்கள். அழகர்கோவில் சாலையில் தோட்டம் வாங்கி, வார இறுதியில் உறவினர்களை அழைத்துக் கறி விருந்து போடுகிறவர்கள் கேட்கிறார்கள். என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. சிம்மக்கல் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். திருநகரில் என் வீட்டு மொட்டை மாடியில் நிற்பது செராமிக் அடுப்பு. மூடிவிட்ட ஒரு விடுதியிலிருந்து வாங்கியது. என் அக்கா மகன் டல்லாஸில் வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது, வீட்டுச் சாமான்களோடு பெல்லெட் ஸ்மோக்கரையும் கப்பலில் ஏற்றிவிட்டான். "மாமா, இதை நம்ம ஊர் கரண்டில் ஓட வைக்கணும்" என்று கொண்டுவந்து இறக்கினான். அதன் மின்வேலை முழுக்க என் கையில்தான் நடந்தது.

கேட்கிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். அடுப்பின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் இருக்கிற இடத்தில் வாராவாரம் தட்டாமல் கிடைக்கிற எரிபொருள் எது என்று பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சமைக்கப்போகிற கறி எது என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், எந்த அடுப்பு என்பது தானாகவே முடிவாகிவிடும்.

இரண்டும் வேலை செய்கிற விதம்

செராமிக் அடுப்பின் பூர்வீகம் ஜப்பான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கே இருந்த அமெரிக்கப் படையினர் அந்த மூடிபோட்ட மண் அடுப்பைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1974இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக் நிறுவனம் அதைப் பிரபலமாக்கியது. கமாடோ ஜோ போன்ற பெயர்கள் பின்னால் வந்தவை. பெயர் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான்: கனமான செராமிக் சுவர், கீழே ஒரு காற்றுக் கதவு, மேலே மூடியின் உச்சியில் ஒரு காற்றுத் துளை. உள்ளே கரி. கீழிருந்து நுழைகிற காற்றின் அளவுதான் தீயின் அளவு. வேறு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. காற்றை ஒரு கீற்றுக்குக் குறைத்தால் 110 டிகிரி செல்சியஸில் பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்கும். இரண்டு வழியையும் முழுக்கத் திறந்துவிட்டால் 350 டிகிரியைத் தாண்டும். சுவர் வெப்பத்தை வெளியே விடாததால் கரி மிகக் குறைவாகத்தான் செலவாகும்.

பெல்லெட் ஸ்மோக்கர் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் பிறந்தது. டிரேகர் குடும்பத்தினர் 1980களில் உருவாக்கி, 1986இல் காப்புரிமை வாங்கினார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த, கோழித் தீவனம் மாதிரி இருக்கிற சிறு உருளைகள்தான் பெல்லெட். பக்கத்தில் உள்ள தொட்டியில் அதைக் கொட்டி வைக்க வேண்டும். திருகாணி வடிவத் தண்டு ஒன்றை ஒரு சிறிய மோட்டார் சுற்றி, பெல்லெட்டைத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும். தொடக்கத்தில் ஒரு ஹீட்டர் கம்பி பழுத்துப் பற்றவைக்கும். மின்விசிறி காற்று கொடுக்கும். உள்ளே இருக்கிற வெப்ப உணரியைப் பார்த்துக் கன்ட்ரோலர் மோட்டாரை ஓட்டும், நிறுத்தும். 120 டிகிரி என்று வைத்துவிட்டு நீங்கள் போய் வேறு வேலை பார்க்கலாம். அந்த வசதி உண்மையானது; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலான மாடல்களின் உச்சம் 230இலிருந்து 260 டிகிரிக்குள் முடிந்துவிடும்.

கரி நம்மிடம் இருக்கிறது

மதுரையிலிருந்து தெற்கேயும் கிழக்கேயும் போனால் சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் முழுக்கச் சீமைக் கருவேலம்தான். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் வந்த மரம்; பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். நிலத்துக்கு அது செய்த கேட்டைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் அதை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, நாள்கணக்கில் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். இஸ்திரிக் கடைக்கும் தந்தூரி அடுப்புக்கும் போகிற கரி பெரும்பாலும் அதுதான்.

டெக்சாஸில் இறைச்சி சுடுகிறவர்கள் மெஸ்கீட் என்ற மரத்தைக் கொண்டாடுவார்கள். அழுத்தமான வாசனை, கடுமையான சூடு. அதுவும் நம் சீமைக் கருவேலமும் நெருங்கிய உறவுள்ள மரங்கள். அக்கா மகன் அங்கே கடையில் அழகான பையில் வாங்கிய கரியின் சொந்தக்காரன்தான் கமுதிச் சாக்கில் வருகிறான். செராமிக் அடுப்புக்கு இதைவிட நல்ல எரிபொருளை நீங்கள் வெளியே தேட வேண்டியதில்லை.

ஆனால் கரியைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த கரி. மொத்தையாகச் சத்தம் கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, அல்லது வேகாத மரம் இருக்கிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே கறுப்பாக, லேசான பளபளப்போடு இருக்க வேண்டும். நடுவில் பழுப்பு தெரிந்தால் அந்தத் துண்டு கண் எரிகிற புகையை விடும். கறியில் கசப்பு ஏறும். அவற்றைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். மூட்டத்து மண்ணும் கரித்தூளும் சாக்கின் அடியில் நிறைய இருக்கும். ஜல்லி சலிக்கிற சல்லடையில் ஒரு முறை சலித்துவிடுங்கள். தூள் அடுப்புக்குள் போனால் அடித்தட்டின் துளைகளை அடைத்துக்கொள்ளும். காற்றை எவ்வளவு திறந்தாலும் சூடு ஏறாது. "என் அடுப்பு 150க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது" என்று சொல்கிறவர்களின் அடுப்பில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

இஸ்திரிக்குப் போகிற சிறு துண்டுக் கரி வேண்டாம். கை அளவு, முஷ்டி அளவுத் துண்டுகள் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பெரியதை அடியில் அடுக்கி, சிறியதை மேலே போடுங்கள். கொட்டாங்குச்சிக் கரி நல்ல சூடு தரும், சாம்பலும் குறைவு. ஆனால் சில்லு சில்லாக இருப்பதால் காற்றை அடைக்கும். கறியைச் சட்டென்று சுடுகிற வேலைக்குக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம், அவ்வளவுதான். மாவு சேர்த்து அச்சில் அடித்த பிரிக்கெட் கரியைச் செராமிக் அடுப்பில் போடவே வேண்டாம். சாம்பல் குவிந்துவிடும்.

இன்னொன்று. கருவேலங்கரி பற்றும்போது பொரி பறக்கும். பருத்திச் சேலையோ நைலான் சட்டையோ அருகே கொடியில் உலர்ந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

வாசனைக்குத் தனியாக மரத்துண்டு போட வேண்டும். கரி மட்டும் போதாது. அதற்கும் நம் பக்கம் குறைவில்லை. கொய்யா எனக்கு முதல் தேர்வு. ஆயக்குடித் தோப்புகளில் கவாத்து செய்யும்போது வெட்டுகிற கிளைகளைப் பல மாதம் நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்வேன். கோழிக்கும் மீனுக்கும் அது மென்மையான புகை. நத்தம் பக்கத்து மாமரத் துண்டு ஆட்டுக்கறிக்குப் பொருந்தும். புளியமரம் சூடும் வாசனையும் கூடுதல். ஒரு துண்டுக்கு மேல் போடாதீர்கள். வேம்பு கசக்கும். தைலமரத்தின் எண்ணெய் வாடை கறியில் தங்கிவிடும். அரளி நஞ்சு; அதன் குச்சியை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கட்டை, பிளைவுட் துண்டு இவையும் அப்படித்தான்.

பெல்லெட் எங்கே கிடைக்கும்?

இங்கேதான் பெல்லெட் ஸ்மோக்கர் தடுமாறுகிறது. உணவுக்கென்று செய்த பெல்லெட் ஓக், ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி போன்ற கடினமரத் தூளிலிருந்து வருகிறது. பசை சேர்ப்பதில்லை, அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, அதுவே பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 9 கிலோப் பையாகச் சாதாரணமாகக் கிடைக்கும். நம் ஊரில் அதை வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரவழைக்க வேண்டும். குறைந்த சூட்டில் மணிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எரியும். சூட்டை ஏற்றினால் இன்னும் கூடும். ஒரு பை எத்தனை ஞாயிற்றுக்கிழமை வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"தொழிற்சாலை பாய்லருக்கு விற்கிறார்களே பெல்லெட், அதைப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். போடக் கூடாது. பாய்லர் பெல்லெட்டில் நிலக்கடலைத் தோல் இருக்கும், மரப்பட்டறைக் கழிவு இருக்கும், பிளைவுட் தூளோடு சேர்ந்த பசையும் இருக்கலாம். அது பாய்லருக்குச் சரி. நாம் தின்கிற கறிக்கு மேல் அந்தப் புகை படியக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

கிடைத்த பெல்லெட்டைக் காப்பதும் ஒரு வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றிலுள்ள ஈரமே அதைக் கெடுத்துவிடும். நல்ல பெல்லெட்டை ஒடித்தால் பட்டென்று ஒடியும். மேல்பரப்பு வழுவழுவென்று இருக்கும். ஈரம் குடித்தது உப்பி, கையிலேயே தூளாகும். அந்தத் தூள் திருகுத்தண்டில் இறுகிவிட்டால் சுத்தியல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். இறுக்கமான மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். சமைத்து முடித்ததும் தொட்டியில் மீதியை விடாமல் டிரம்முக்கே திருப்பிக் கொட்டுங்கள்.

மின்சாரக் கணக்கு

என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெல்லெட் ஸ்மோக்கர் வாங்குவதென்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த மாடலை வாங்குங்கள். ஐரோப்பாவுக்கு விற்கிற மாடல்கள் அப்படித்தான் வருகின்றன. அமெரிக்காவில் கையிலிருப்பதைக் கொண்டுவருகிறவர்களுக்குத்தான் பிரச்சினை.

அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். "ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதுமே" என்பார்கள். வோல்டேஜ் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது, நம் 50தான் வரும். பழைய மாடல்களில் திருகுத்தண்டைச் சுற்றுவது சிறிய ஏசி மோட்டார். 60க்குச் செய்த மோட்டார் 50இல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். அதே நேரத்துக்கு ஓடினாலும் பெல்லெட் குறைவாக விழும். சூடு ஏறத் தாமதமாகும். அதோடு, 120 வோல்ட்டையே கொடுத்தால் 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டாரின் இரும்பு தேவைக்கு மேல் காந்தமேறிச் சூடாகும். கணக்குப்படி அதற்கு 100 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். ஆனால் 100 வோல்ட் கொடுத்தால் பற்றவைக்கிற ஹீட்டர் கம்பிக்குப் பத்தில் ஏழு பங்கு சக்திதான் கிடைக்கும். பற்றுவதற்கு நேரம் பிடிக்கும். அக்கா மகனின் ஸ்மோக்கருக்கு இரண்டு டேப் வைத்த டிரான்ஸ்ஃபார்மரை நானே சுற்றிக் கொடுத்தேன்: பற்றவைக்கும்போது 120, பற்றிய பிறகு 100. ஓடுகிறது. ஆனால் எல்லோர் வீட்டிலும் ஒரு வைண்டிங் கடைக்காரர் இருக்கமாட்டாரே. டிசி மோட்டார் போட்ட புதிய மாடல்களில் இந்த வேகத் தொல்லை இல்லை. என்றாலும் பின்பக்கப் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

மின்செலவு பெரிதில்லை. பற்றவைக்கிற சில நிமிடங்களுக்குச் சுமார் 300 வாட். அதன்பிறகு 50 வாட் அளவு. வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமும், கன்ட்ரோலரும் குழம்பும். மொட்டை மாடியில் தனியாக ஒரு பிளக் பாயின்ட், சரியான எர்த், மழை படாத பெட்டி இவை மூன்றும் வேண்டும். மழைக்காலத்தில் ஹீட்டர் கம்பிக்குள் ஈரம் இறங்கி ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) ட்ரிப் ஆவது இந்த இயந்திரங்களில் அடிக்கடி நடக்கிறது. அப்படி ட்ரிப் ஆனால் கம்பியைச் சோதியுங்கள். ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

மின்தடையின்போது என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விசிறி நின்றுவிடும், கிண்ணத்தில் தீ கனன்றுகொண்டே இருக்கும். இழுக்கக் காற்று இல்லாததால் கனல் திருகுத்தண்டு வழியே தொட்டிப் பக்கம் பின்னேற வாய்ப்பு உண்டு. மின்சாரம் திரும்பியதும் சில கன்ட்ரோலர்கள் முதலிலிருந்து பற்றவைக்கத் தொடங்கும். கிண்ணத்தில் ஏற்கெனவே குவிந்த பெல்லெட்டும் சேர்ந்து வெள்ளைப் புகையாகக் கக்கி, திடீரென்று தீப்பிடிக்கும். ஆகவே கரண்ட் போய்வந்தால் சுவிட்சை அணைத்து, மூடியைத் திறந்து, ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலிசெய்து பிறகு தொடங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பார்த்துவிட்டுக் கறி வாங்குவதும் நல்லது.

நாம் சமைக்கிற கறி எது?

பெல்லெட் ஸ்மோக்கரின் பெரிய பெருமை, இரவு முழுக்கத் தானாக ஓடுவது. அமெரிக்காவில் 5, 6 கிலோ மாட்டு நெஞ்சுக்கறியையும் பன்றித் தோளையும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் வைக்கிறார்கள். அங்கே அந்த வசதி தேவைதான். நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வருவது ஆட்டுத்தொடை. ஒன்றரை, இரண்டு கிலோ. 120 டிகிரியில் நாலைந்து மணி நேரத்தில் வெந்துவிடும். காலை ஏழு மணிக்கு வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குத் தயார். இரவு காவலுக்கு இயந்திரம் தேவையில்லை.

இரண்டாவது, நம் நாக்கு. மதுரைக்காரர்களுக்குச் சாப்ஸின் ஓரம் முறுக வேண்டும், சுக்காவில் கறி தீய்ந்து பிடித்த மணம் வேண்டும். அதற்கு 300 டிகிரி வேண்டும். செராமிக் அடுப்பு அதைச் சிரமமில்லாமல் தரும். பெல்லெட் ஸ்மோக்கரில் கடைசியில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துத் தனியாக முறுக்க வேண்டியிருக்கும். நான் ரொட்டி, பீட்சா போடுகிற ஆசை இருந்தாலும் செராமிக்தான்.

ஆட்டுத்தொடை செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு அடுப்புக்கும் பொருந்தும். அன்றைக்கு அறுத்த கறியை அன்றே புகையில் வைத்தால் விறைப்பு விடாமல் ரப்பராக இருக்கும். சனிக்கிழமை வாங்குங்கள். கறிக்கடையில் வெட்டாமல் முழுத் தொடையாகக் கேளுங்கள். மேல் கொழுப்பைச் சீவிவிட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. புகையில் காய்ந்துபோகாமல் இருக்கச் செம்மறி வசதி. உப்பு தடவி இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மிளகு, சீரகம், பூண்டு, தட்டிய காய்ந்த மிளகாய், நல்லெண்ணெய் சேர்த்துப் பூசி, குளிர்ச்சியோடே அடுப்பில் ஏற்றுங்கள். மேல்பரப்பு குளிர்ந்து ஈரமாக இருக்கிறவரைதான் புகை நன்றாகப் பிடிக்கும். உள் சூடு 70 டிகிரியை ஒட்டி ஏறாமல் நிற்கும். கறியிலிருந்து நீர் ஆவியாகும்போது சூட்டைத் தின்கிறது, அதனால்தான். பதறி அடுப்பைக் கூட்டாதீர்கள். வாட்டிய வாழை இலையில் சுற்றி, மேலே ஃபாயில் தாள் சுற்றி மறுபடி வையுங்கள். உள் சூடு 92, 93 வந்ததும் எடுத்து, சுற்றியபடியே அரை மணி நேரம் விட்டால் எலும்பு கையோடு வரும்.

நாட்டுக்கோழியை முழுசாகப் புகையில் போடுவதை நான் சொல்லமாட்டேன். அது குழம்புக்குப் பிறந்தது. பிராய்லர் 180 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ஆகிவிடும்.

செராமிக் அடுப்பைப் பற்றவைத்தல்

இது பழக வேண்டிய கை. பெல்லெட்டை விட்டு இதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்தப் பழக்கத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. செராமிக் உறிஞ்சிக்கொண்டு பல மாதம் வாடை விடும். கற்பூரமும் வேண்டாம். காய்ந்த தேங்காய் நாரைச் சுருட்டிக் கரியின் நடுவில் ஒரே இடத்தில் பற்றவையுங்கள். பத்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள்.

சூடு ஏறுவது சுலபம், இறங்குவது கடினம். 120 வேண்டுமென்றால் 100 தொடும்போதே கீழ்க் கதவை ஒரு விரல் அகலத்துக்கும், மேல் துளையை ஒரு கீற்றுக்கும் குறைத்துவிடுங்கள். 180க்குத் தாண்டிவிட்டால் அந்தச் சுவர் ஆறுவதற்குள் மதியம் ஆகிவிடும். பிறகு பத்துப் பத்து நிமிடமாகக் காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். முதலில் வருகிற அடர்ந்த வெள்ளைப் புகை அடங்கி, நீலமாக மெலிந்த பிறகே கறியை வையுங்கள். மெல்லிய சூட்டில் சமைக்கும்போது கரிக்கும் கறிக்கும் நடுவில் செராமிக் தடுப்புத் தட்டு இருக்க வேண்டும். அது இல்லாமல் அடுப்பை வாங்காதீர்கள்.

அதிகச் சூட்டில் மூடியைச் சடாரென்று திறக்கவே கூடாது. உள்ளே காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கிற தீ ஒரேயடியாக வெளியே பாயும், புருவம் கருகும். முதலில் இரண்டு விரல் அளவு தூக்கி, சில நொடி பிடித்துவிட்டுப் பிறகு திறங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சமையல் முடிந்ததும் இரண்டு வழியையும் மூடுங்கள். கரி அணைந்துவிடும். மீதிக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகும். கருவேலங்கரி ஒரு மூட்டை இப்படித்தான் எதிர்பார்ப்பதைவிட நெடுநாள் வருகிறது.

இடமும் எடையும்

பெரிய அளவுச் செராமிக் அடுப்பு 70 கிலோவுக்கு மேல் கனக்கும். மாடிப்படி குறுகலாக இருந்தால் உள்பாகங்களையும் மூடியையும் தனித்தனியாகக் கழற்றி ஏற்றுங்கள். ஒரு தடவை கீழே விழுந்தால் உடைந்தது உடைந்ததுதான். மேசையில் வைப்பதானால் மரத்தின் மேல் நேராக வைக்காமல் கடப்பாக் கல் போட்டு, அதன்மேல் காற்றோட்டம் விட்டு வையுங்கள். இரண்டு அடுப்பையுமே அறைக்குள்ளோ, கண்ணாடி அடைத்த பால்கனியிலோ பற்றவைக்கக் கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் குடியிருந்தால் பக்கத்து வீட்டில் துணி காயப்போடும் நேரத்துக்கு முன்பே பற்றவைத்துவிடுங்கள்.

யாருக்கு எது?

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் பத்தில் ஒன்பது பேருக்கு நான் செராமிக் கரி அடுப்பைத்தான் சொல்வேன். எரிபொருள் பக்கத்திலேயே இருக்கிறது, மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போகிற மோட்டார் இல்லை, சுக்காவும் ஆகும், புகைக்கறியும் ஆகும்.

பெல்லெட் ஸ்மோக்கர் வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அக்கா மகன் இரவு நேர வேலை பார்க்கிறான். காலையில் கறியை வைத்துவிட்டுத் தூங்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி, அடுப்பருகே நின்று கதவைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. அந்த வீட்டுக்கு அது சரியான இயந்திரம். ஆர்டர் எடுத்து வாராவாரம் ஒரே பக்குவத்தில் செய்து கொடுக்கிறவர்களுக்கும், பெல்லெட்டை மொத்தமாக வரவழைக்க வழியிருந்தால், பயன்படும். வாங்கும்போது கன்ட்ரோலர், ஹீட்டர் கம்பி, திருகுத்தண்டு மோட்டார் மூன்றுக்கும் உதிரி எங்கே கிடைக்கும் என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். ஹீட்டர் கம்பி தேய்கிற பொருள். ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சமையலுக்கு ஒரு முறை கிண்ணத்துச் சாம்பலை எடுத்துவிட்டால் பாதிக் கோளாறு வராது.

செராமிக் அடுப்பைப் பழசாக வாங்குகிறவர்கள் கரி போடும் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பயமில்லை. வெளிச்சம் ஊடுருவுகிற வெடிப்பு இருந்தால் வேண்டாம். மூடிக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் பிடிப்பு இருக்க வேண்டும். எளிதாக வந்தால் ஓரத்துக் கம்பளிப் பட்டை தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிக்கொள்ளலாம், விலையில் கழித்துக் கேளுங்கள்.

எந்த அடுப்பை எடுத்தாலும் மூடியிலுள்ள மீட்டரை நம்பிக் கறியை இறக்காதீர்கள். அது மூடியின் சூட்டைத்தான் காட்டும். கறிக்குள் குத்துகிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் விட்டு 100ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோழியின் நெஞ்சில் எலும்பைத் தொடாமல் குத்தி 74 வந்தால் எடுக்கலாம்.